கடைசி வீட்டுக்கு ஏறாத தண்ணீர்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் தண்ணீருக்கு முன்னால் சத்தம் வரும். மேட்டிலிருந்த தொட்டியின் பக்கத்தில் நின்று என் அப்பா இரும்புக் குழாயை ஸ்பேனரால் மூன்று முறை தட்டுவார். அந்தச் சத்தம் குழாய்க்குள்ளேயே ஓடி வந்து லயத்தில் வரிசையாக ஒட்டி நின்ற தொழிலாளர் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் முனகும். பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாளியோடு கொல்லைப் பக்கம் ஓடுவார்கள். காலையில் ஒரு தடவை, பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு தடவை. சுங்கை லாலாங் பக்கம் அப்போது கடிகாரம் இல்லாத வீடுகள் நிறைய. அப்பாவின் மூன்று தட்டல்தான் எங்களுக்கு நேரம்.

அது மட்டும் என்றால் எழுத வேண்டியதே இல்லை. தொட்டிக்கும் லயத்துக்கும் நடுவே, ரப்பர் மரங்களுக்குள், ஒரு பழைய கிணறு இருந்தது. மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். அப்பா தட்டி முடித்து, நாம் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் கழித்து, அந்தப் பலகைக்குக் கீழேயிருந்தும் மூன்று தட்டல் கேட்கும். மெதுவாக, தண்ணீருக்குள் இருந்து யாரோ தட்டுவது போல. கிணற்றில் விழுந்த ஒரு சின்னப் பெண் பதில் சொல்கிறாள் என்று லயத்தில் சொல்வார்கள். அந்த நிரையில், அந்த மர வரிசையில், பால் வெட்டுகிறவர்கள் கிணற்றைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே மரத்துக்கு மரம் போவார்கள்.

நாங்கள் வேதக்காரர்கள். அப்பா சட்டைப் பையில் ஜெபமாலை இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் சள்ளென்று விழுவார். ஆனால் கிணற்றுப் பேயைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை மறுத்து நான் கேட்டதில்லை. "அங்க போவாத" என்பார், அவ்வளவுதான். சின்ன வயதில் அது எனக்குப் பேயைவிடப் பயமாக இருந்தது.

நான் சொல்ல வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வறட்சிக் காலம். சீனப் பெருநாள் முடிந்து இலையுதிர்ந்த ரப்பர் மரங்கள் வெறுங்குச்சியாக நின்றன. தொட்டியில் தண்ணீர் குறைந்தது. லயம் ஒரு சரிவில் மேல்நோக்கி ஏறிப் போகும். உச்சியில் இருந்தது கடைசி வீடு. அந்த வீட்டுக் குழாய் மூன்று தட்டலுக்கு முனகும், பிறகு சீறும், பிறகு அடங்கிவிடும். தண்ணீர் வராது. வறட்சி என்று இல்லை, மழைக்காலத்திலும் அப்படித்தான். கீழ்வீடுகள் நிரப்பி மூடினால்தான் மேலே ஏறும், அதற்குள் அப்பா வால்வை அடைத்துவிடுவார்.

அந்த வீட்டில் ஓர் அக்கா இருந்தாள், தாத்தா காலத்திலிருந்தே அது அவள் குடும்பத்து வீடு. கல்யாணமாகி இரண்டு வருடம், கையில் நான்கு மாதக் குழந்தை. புருஷன் கோலா கெத்தில் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை, மாதக் கடைசியில்தான் வருவான். கீழ்வீடுகளில் இரவல் தண்ணீர் கேட்டு அலுத்துப்போய் அவள் ஓடையில் மொண்டுவர ஆரம்பித்தாள். குழந்தைக்கு வயிற்றால் போனது. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெசர் நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொன்னார். நல்ல தண்ணீர் எங்கே என்று அவர் சொல்லவில்லை.

"ஒங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லு லா தங்கச்சி. ரொம்ப சுசா, கஷ்டமா இருக்கு. புள்ள கண்ணு உள்ள போயிருச்சு பாரு."

பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. குழந்தை அழவில்லை, அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றே அப்பாவிடம் சொன்னேன்.

"மேடு. அழுத்தம் பத்தாது. அது இயற்கை" என்றார் அப்பா. சட்டையை மாட்டிக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டார்.

இயற்கை என்ற சொல் எனக்கு அந்த மாதம் எங்கே கேட்டாலும் எரிச்சலைக் கிளப்பியது. காரணம் படிப்பு. நான் சுங்கைப் பட்டாணியில் ஆறாம் படிவம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன், பொருளியல் என் பாடம், எல்லாம் மலாய் மொழியில். தண்ணீர், மின்சாரம் போன்றவற்றுக்கு ஒரே தெருவில் இரண்டு குழாய், இரண்டு கம்பி போடுவது வீண் செலவு, அதனால் ஒருவரே விற்பது தானாக அமைந்துவிடுகிறது, அது இயற்கை முற்றுரிமை, ஆகவே அரசாங்கம் அதைக் கையில் எடுக்க வேண்டும் என்றது பாடப்புத்தகம். மலாயில் அதன் பெயர் 'மொனோபொலி செமுலா ஜாடி'. பள்ளி நூலகத்திலோ அட்டை கிழிந்த வேறொரு புத்தகம் இருந்தது. அதை எழுதியவர் சந்தையை நம்புகிறவர். இயற்கையாவது மண்ணாங்கட்டியாவது, எந்த முற்றுரிமையின் பின்னாலும் போய்ப் பார், ஒருவன் கதவை மூடி நின்றுகொண்டிருப்பான், கதவைத் திற, இரண்டாவது ஆள் தானாக வருவான் என்கிற மாதிரி எழுதியிருந்தார்.

பதினெட்டு வயதில் இப்படி ஒரு புத்தகம் கையில் கிடைத்தால் ஆளைப் பிடிக்க முடியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பாதையில் ஒரே கம்பெனி பஸ்தான் ஓடியது. பெர்மிட் அவர்களுக்கு மட்டும்தான். கண்டக்டர் எங்களை ஏதோ ஆட்டை ஏற்றுவது போல ஏற்றுவான். மழையில் நிற்கிறோம் என்று தெரிந்தும் நிறுத்தாமல் போவான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் 'கதவை மூடி நிற்கிறவன்' என்று மனதுக்குள் திட்டுவேன். இயற்கை முற்றுரிமையை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டுமா என்று ஆசிரியர் கட்டுரை கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று எழுதத் தீர்மானித்தேன். உதாரணத்துக்கு எங்கள் தோட்டத்துத் தண்ணீர். ஒரே தொட்டி, ஒரே குழாய், ஒரே ஆள். ஏன்? இரண்டாவது தண்ணீர் இல்லாமலா? கிணறு ஒன்று இருக்கிறதே! அதன் கதவை மூடி நிற்பது யார்? பேய். எங்கள் தோட்டத்தில் பெர்மிட் கொடுக்கிற அதிகாரி ஒரு பேய் என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தால் கடைசி வீட்டு அக்காவுக்கு எடுத்துக் கொடுத்துவிடலாம். கிணறு அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அடுத்த நாள் பள்ளிவிட்டு வந்ததும் நேராக அங்கே போனேன்.

வெயில் நேரம். மற்ற இடத்தில் காலடியில் சருகு நொறுங்கியது. கிணற்றைச் சுற்றி மட்டும் சருகு இல்லை. யாரோ பெருக்கியிருந்தார்கள். பலகையின் ஓரம் ஈரமாக இருந்தது. அந்த வறட்சியில் ஈரம். அதைவிட, பலகையின் நடுவில் மெழுகு உருகி வட்டம் வட்டமாக உறைந்திருந்தது. பழைய மெழுகின்மேல் புதிய மெழுகு, அதன்மேல் இன்னும் புதியது. யாரும் வராத இடத்துக்கு யார் மெழுகுவத்தி கொண்டுவருகிறார்கள்? குனிந்து பலகையில் காதை வைத்தேன். உள்ளே குளிர்ச்சியாக ஒரு வெறுமை. அப்போது தட்டல் கேட்டது. என் காதுக்கு நேர் கீழே. ஒன்று. இரண்டு. மூன்று.

ஓடினேன். பொருளியலாவது ஒன்றாவது. செருப்பு ஒன்று அங்கேயே விழுந்துவிட்டது. பாதி தூரம் வந்த பிறகுதான் மூளை வேலை செய்தது: மணி நான்கு, அப்பா தொட்டியில் தட்டியிருக்கிறார். திரும்பிப் போய்ப் பார்த்தேன். பலகைக்கு அடியிலிருந்து துருப்பிடித்த குழாய் ஒன்று மண்ணுக்குள் புதைந்து தொட்டிப் பக்கம் ஏறிப் போனது. முன்பு எப்போதோ கிணற்றையும் தொட்டியையும் இணைக்கப் பார்த்திருக்கிறார்கள். அங்கே தட்டினால் இங்கே கேட்கும். ஈரமும் அந்தக் குழாயின் கசிவுதான். இரும்புதான் பேய் என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். ஆனால் மெழுகு இரும்பில் வராது. அது எங்கள் வீட்டு மாதா படத்துக்கு முன் ஏற்றும் நீல மெழுகுவத்தி.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் வெடித்துவிட்டேன். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துபோனாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். கிணற்றைத் திறக்க வேண்டும், தோட்டத்தில் இரண்டு தண்ணீர் இருக்க வேண்டும், ஒரே ஆள் கையில் எல்லாம் இருப்பது அநியாயம் என்று புத்தகத்தில் படித்ததையெல்லாம் கொட்டினேன்.

"இதுக்குப் பேரே இருக்குப்பா. மொனோபொலி செமுலா ஜாடி."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை.

"செமுவா ஜாதியா? எந்த ஜாதி? யார் சொன்னா ஒனக்கு?"

செமுவா என்றால் மலாயில் எல்லாம். அப்பாவின் காதில் 'எல்லா ஜாதி' என்று விழுந்திருக்கிறது. வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவர் கண்ணைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. ஜாதியைப் பற்றி எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்து அவரே சொல்ல ஆரம்பித்தார்.

"அந்தக் கெணத்துக் கயித்த நாங்க தொடக்கூடாது. போயி செம்ப மூணு தட்டு தட்டணும். தட்டிட்டு நிக்கணும். கயித்துக்காரர் வந்து எறைச்சு, ஒசரத்துல இருந்து ஊத்துவாரு."

ஜப்பான்காரன் போன மறுவருடமாம். அப்பாவுக்கு ஒன்பது வயது, அவர் தங்கைக்கு ஏழு. அவருக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உச்சிவெயிலில் இருவரும் செம்போடு போயிருக்கிறார்கள். தட்டியும் யாரும் வரவில்லை. தங்கையை அங்கே நிற்கச் சொல்லிவிட்டு அப்பா கயிற்றுக்காரர் வீட்டுக்குப் போனார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன், போ என்றாராம்.

"திரும்பி வர்றேன். அவ தட்டிக்கிட்டே இருக்கா, எனக்குக் கேக்குது. மூணு. அப்பறம் மூணு. பாதி வழியில சத்தம் நின்னுருச்சு."

செம்பு கிணற்று விளிம்பில் இருந்தது. அவள் இல்லை.

அதன் பிறகு அரசாங்கத்திலிருந்து தொழிலாளர் அதிகாரி ஒருவர் வந்தார். கிணற்றை மூடச் சொன்னார். எல்லா வீட்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய், வித்தியாசம் இருக்கக்கூடாது என்று துரைக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனார். வளர்ந்ததும் அப்பா அந்தத் தொட்டி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று தட்டல் அவர் வைத்த வழக்கம். அதற்கு முன்னிருந்தவர் கூவித்தான் கூப்பிடுவாராம்.

"ரெண்டு குழா வேணும்னு சொல்ற. ரெண்டு வந்தா, எது யாருக்குன்னு சொல்ல ஒருத்தன் வந்து நிப்பாம்மா. ஒண்ணே ஒண்ணா இருந்தாத்தான் எல்லாருக்கும் ஒரே தண்ணி. இப்ப நான் தட்டுனா எவன் ஓடியாரான்? எல்லாரும்தான ஓடியாராங்க."

படுத்த பிறகும் அந்த ஏழு வயதுப் பெண்ணின் தட்டல் நின்ற இடத்தை நினைத்து நினைத்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு கேள்வி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கயிற்றுக்காரரின் வீடு எது?

மறுநாள் வார விடுமுறை, பள்ளி இல்லை. நான்கு மணிக்கு அப்பாவுக்குக் கோப்பி எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். அவர் தட்டினார், வால்வைத் திறந்தார், ஜெபமாலையைக் கையில் எடுத்தார். ஜெபமாலையில் ஐந்து பத்து உண்டு; ஒவ்வொரு பத்துக்கும் பத்து அருள்நிறை மந்திரம். வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு அப்பாவின் கணக்கு அதுதான். எத்தனையோ வருடமாக அவர் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன், எண்ணியதில்லை. அன்று எண்ணினேன். நான்காவது பத்து முடிந்தது. அப்பா வால்வை அடைத்தார். கீழே தெரிந்த கடைசி வீட்டுக் கொல்லையில் அந்த அக்கா குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையால் குழாயை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அப்பா வீட்டுக்கு நடந்தார். நடக்கும்போது அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஐந்தாவது பத்தை வழியில் சொன்னார்.

தொட்டியில் அப்போது இன்னும் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. ஏறி எட்டிப் பார்த்தேன்.

காரணம் அழுத்தமும் இல்லை, மேடும் இல்லை. அது கயிற்றுக்காரரின் வீடு என்று தெரிந்தேதான் அவர் செய்தார். நாளுக்கு இரண்டு தடவை, வருடக்கணக்காக, மாதாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே. எனக்கு அப்பாவின்மேல் வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. அவர்மேல் வந்த பரிதாபமும் அதே அளவுதான். நூலகத்துப் புத்தகம் ஒரு விஷயத்தில் சரி: கதவை மூடி நிற்க ஓர் ஆள் இருக்கத்தான் செய்தார். அதிகாரி போட்ட உத்தரவும் சரிதான். குழாய் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. உத்தரவில் வால்வைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒன்று மட்டும் கேட்டேன்.

"ஏம்ப்பா, அஞ்சாவது பத்த மட்டும் ஏன் தொட்டியில சொல்றதில்ல?"

அப்பா ஸ்பேனரைத் துணியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

விடுமுறையின் இரண்டாம் நாள், உச்சிப்பொழுது. காற்று அசையவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. அப்பா நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். நான் கட்டுரையை விரித்துவைத்துக்கொண்டு பேய் வரியை அடிப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் கேட்டது. டங். டங். டங்.

குழாய்ச் சத்தம் இல்லை அது. ஸ்பேனர் எங்கள் மேசைமேல் இருந்தது. செம்பில் தட்டுகிற சத்தம்.

அப்பா கண் திறந்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். ஒன்பது வயதுப் பையனுக்கு இருந்திருக்கக்கூடிய முகம் அது. வெளியே ஒன்றும் அசையவில்லை. மறுபடியும் மூன்று தட்டல். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையை விலக்கிவிட்டு எழுந்து கதவைத் திறந்தார்.

கடைசி வீட்டு அக்கா நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, தலை தோளில் தொங்கிக்கிடந்தது. கையில் செம்பு, மற்றக் கையில் கரண்டி.

"யாரு ஒன்ன தட்டச் சொன்னது?" அப்பாவின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவள் பயந்துபோனாள். "யாரும் சொல்லலண்ணே. நீங்க மூணு தட்டு தட்டுனா தண்ணி வருதுல்ல. அதான்... கூப்புட வெக்கமா இருந்துச்சு. கொஞ்சம் நல்ல தண்ணி போதும், புள்ளைக்கு."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. தன் தாத்தா கையில் ஒரு கயிறு இருந்தது என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. அப்பா செம்பை வாங்கவில்லை. உள்ளே போய் எங்கள் அண்டாவில் குவளையை முக்கி எடுத்துக்கொண்டு வந்தார். அவள் செம்பை நீட்டினாள். அப்பா குவளையை உயர்த்தினார். அந்த உயரத்திலேயே அவர் கை நின்றுவிட்டது. தண்ணீர் தளும்பி அவர் முழங்கை வழியாக ஒழுகியது. எதைச் செய்யப் போகிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கையை இறக்கினார். குவளையை அவள் கையில் கொடுத்தார்.

"உள்ள வா ஆத்தா. அண்டா அங்க இருக்கு. நீயே மொண்டுக்க."

அவள் தயங்கித் தயங்கி உள்ளே வந்து மொண்டாள். முதல் குவளையைக் குழந்தையின் உதட்டில் வைக்கப் போனாள், கொதிக்கவைக்க வேண்டும் என்று நான் தடுத்து அடுப்பை மூட்டினேன். அப்பா வாசலிலேயே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

அந்தக் கட்டுரையில் கடைசியில் அரசாங்கம் வேண்டும் என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. ஒரே குழாய் இருக்கலாம், ஆனால் எண்ணிப் பார்க்க ஒருத்தி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முடித்தேன். ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பின்னாளில் பாக்கார் ஆராங்கில் குடியிருந்து நானும் பொருளியல் ஆசிரியை ஆனேன். அரசாங்கம் தன் கையிலிருந்ததை ஒவ்வொன்றாகத் தனியாருக்குக் கொடுக்கத் தொடங்கிய காலம் அது. ஆசிரியர் அறையில் கட்சி பிரிந்து சண்டை நடக்கும். என்னை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நான் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுவேன்.

அக்கா செம்பைத் தட்டிய அன்று நான்கு மணிக்கு நான் தொட்டிக்குப் போகவில்லை, கடைசி வீட்டுக் கொல்லைக்குப் போனேன். தட்டல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்தும் வந்தது. குழாய் முனகியது, சீறியது, அடங்கியது. அக்கா எழப் போனாள். இரு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். கீழ்வீடுகளில் குழாய்கள் ஒவ்வொன்றாக மூடும் சத்தம் சரிவில் ஏறி வந்தது. நான்கு பத்து சொல்லும் நேரம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. குழாய் உள்ளுக்குள் ஏதோ புரள்வது போல உருண்டது. முதலில் துருநிறத்தில் ஒரு கை அளவு துப்பியது. பிறகு தண்ணீர் வந்தது. அக்கா செம்பை வைக்க மறந்து வெறுங்கையை அதில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு அசையவில்லை.